கேட்கப்படாத வணிகன்: அறச்சிக்கற் சோதனைகளும் வணிக மாணவரும்

வணிகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர் அறச்சிக்கல்களை எவ்வாறு எண்ணிப் பார்க்கின்றனர் என்ற வினா கடந்த அரை நூற்றாண்டாக மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பெரிதும் ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வாராய்ச்சிகள் நம் நாட்டு விரிவுரை மண்டபங்களையும் வந்தடைந்துள்ளன. வணிக மாணவர் பிறதுறை மாணவரிலும் அறச்சிந்தனையிற் பின்தங்கியவர் என்பதும், கீழைத்தேயத்தார் மேலைத்தேயத்தாரிலும் பின்தங்கியவர் என்பதும் அவற்றிலிருந்து சிலர் அவசரமாகப் பெற்றுக்கொண்ட இரு கருத்துக்கள். திருகோணமலையில் இருந்து வணிகம் பயிலும் தமிழ் மாணவன் இவ்விரண்டு கருத்துக்களின் நிழலிலும் ஒருங்கே நிற்பவன். அவன்பொருட்டேனும் இச்சோதனைகளைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். முடிவுகளை ஆராய்தல் புள்ளிவிபரவியலார்க்குரிய பணி. இலக்கியம் பயின்ற நமக்கு இயன்றது வினாக்களை ஆராய்தல். வினாக்களும் ஒருவகையிற் கதைகளே. அவற்றில் மாந்தர் உளர், நிகழ்ச்சி உண்டு, கதை சொல்பவனின் கண் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டே யாவற்றையும் பார்க்கிறது. அக்கண் எங்கே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இத்துறையின் வரலாறு, லோறன்ஸ் கோல்பேர்க் 1958இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறதெனலாம். பத்து முதற் பதினாறு வயது வரையான சிறுவர்க்கு அவர் சில கதைகளைக் கூறி, கதைமாந்தன் என்ன செய்தல் தகும், ஏன் தகும் என வினவினார். சிறுமியர் எவரும் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. கதைகளுட் புகழ்பெற்றது ஹைன்ஸ் என்பவனின் கதை. அவன் மனைவி புற்றுநோயால் இறக்குந் தறுவாயில் இருக்கிறாள். அவளைக் காக்கக்கூடிய மருந்தை அதே ஊரில் ஒரு மருந்து வணிகன் கண்டுபிடித்திருக்கிறான். தனக்கு நேர்ந்த செலவின் பத்து மடங்கை விலையாகக் கேட்கிறான். ஹைன்ஸ் அறிந்தவரிடமெல்லாம் கடன் கேட்டுத் திரட்டிய பணம் அவ்விலையிற் பாதியே. விலையைக் குறைக்கும்படியும், மீதியைப் பின்னர் பெற்றுக்கொள்ளும்படியும் மன்றாடுகிறான், வணிகன் இணங்கவில்லை. ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தைத் திருடலாமா என்பதே வினா.

விடை யாது என்பதிலும் அதற்குக் காட்டப்படும் நியாயம் எத்தகையது என்பதையே கோல்பேர்க் கணித்தார். தண்டனைக்கு அஞ்சுதல் முதற்படி. கைம்மாறு கருதுதல் அடுத்தது. உற்றாரின் நன்மதிப்பையும் உறவின் பிணைப்பையும் கருதுதல் மூன்றாவது. சட்டத்தையும் சமூக ஒழுங்கையும் கருதுதல் நான்காவது. சமூக ஒப்பந்தம், மனிதர் யாவர்க்கும் பொதுவான தத்துவம் என்பன ஐந்தாவதும் ஆறாவதுமான மேற்படிகள். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் றெஸ்ற் 1970களில் இதனை எழுத்துச் சோதனையாக மாற்றியமைத்தார். ஆறு கதைகள்; ஒவ்வொரு கதைக்கும் பன்னிரண்டு காரணக் கூற்றுக்கள்; அவற்றுள் முக்கியமான நான்கை மாணவன் நிரைப்படுத்த வேண்டும். மேற்படிக் காரணங்களுக்கு அவன் எவ்வளவு இடமளித்தான் என்பது நூற்றுவீதமாகக் கணிக்கப்படும். கையாள எளிதாகையால் இச்சோதனை பல நாடுகளிற் பரவியது. வணிக மாணவர் பலர் இதனாலேயே அளக்கப்பட்டனர்.

1999இல் வெளியான திருத்திய வடிவத்திற் கதைகள் புதியன. அவற்றுள் ஒன்று நமக்கு அண்மையில் நிகழ்வது. வட இந்தியாவில் ஒரு சிற்றூர், கொடும்பஞ்சம், மரப்பட்டையை அவித்துக் குடிக்கும் குடும்பங்கள். முஷ்தாக் சிங் என்பவனின் குடும்பம் பட்டினியின் விளிம்பில் நிற்கிறது. ஊர்ச் செல்வன் ஒருவன் தானியத்தைப் பதுக்கி, விலை ஏறும்வரை காத்திருக்கிறான். அவன் களஞ்சியத்திலிருந்து சிறிதளவு உணவை முஷ்தாக் சிங் திருடலாமா? (முஷ்தாக் என்ற இஸ்லாமியப் பெயரும் சிங் என்ற பெயரும் ஒருவனிடத்தே இணைதல் இயலாததன்று. எனினும் கதையாசிரியர் தாம் அறியாத ஊருக்குப் பெயர் தேடியமை இவ்விடத்திற் சற்றே வெளிப்பட்டுவிடுகிறது.)

நாற்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து ஓர் ஒற்றுமை புலப்படும. இரண்டிலும் விலை கூறுபவன் ஒருவன் உளன். விலை கொடுக்க இயலாதவன் ஒருவன் உளன். கதையின் கண் இரண்டாமவன் தோளிலேயே அமர்ந்திருக்கிறது. மருந்து வணிகனும் தானியம் பதுக்குபவனும் எண்ணுவதில்லை; ஐயுறுவதில்லை; அவர்கள் கதையில் ஒரு சுவராகவே நிற்கின்றனர். பஞ்சக் கதைக்குரிய காரணக் கூற்றுக்களுள், பிறர் பட்டினி கிடக்கையில் உணவைச் சேமித்துவைக்கச் செல்வனுக்கு உரிமையுண்டா என்பதும் இடம்பெறுகிறது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் அதுவும் திருடப்போகிறவன் நிறுத்துப் பார்க்கவேண்டிய ஒரு காரணமாகவே வருகிறது. “நீ அச்செல்வனாயின் களஞ்சியத்தைத் திறப்பாயா, என்ன விலைக்குத் திறப்பாய்?” என்று எவரும் வினவவில்லை.

வேறெந்த மாணவனைச் சோதிப்பதாயினும் இக்குறை பெரிதன்று. வணிக மாணவனைச் சோதிக்கும்போது இது சோதனையின் அடித்தளத்தையே தொடுகிறது. அவன் பட்டம்பெற்றுக் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலே அமரப்போகிறவன். விலையிடுதல், கடன் கொடுத்தல், கடன் மறுத்தல், ஆளை வேலைக்கெடுத்தல், இருப்பை வைத்தல், இருப்பை விடுதல் என்பனவே அவன் வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ளப்போகும் அறச்சிக்கல்கள். பூட்டை உடைக்கலாமா என்ற சிக்கல் அவனுக்கு வருவது அரிது. பூட்டை இடலாமா என்பதே அவனுக்குரிய சிக்கல். அவனை என்றும் நிற்காத இடத்தில் நிறுத்தி அளந்து, பின்னர் அவனது தொழிலின் அறத்தைப்பற்றித் தீர்ப்புக் கூறுதல், கடலோடியை நெல்வயலில் விட்டுச் சோதிப்பது போன்றதே. பல ஆய்வுகளைத் தொகுத்து பொர்க்கோவ்ஸ்கியும் உக்ராசும் 1998இல் வெளியிட்ட மதிப்பீடும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. பெண் மாணவர் ஆண்களிலும் அறநாட்டம் மிக்கவராய் அதிற் காணப்பட்டனர். பயிலுந் துறை இன்னதாதலால் அறநாட்டம் இன்னது என்பதற்கோ தெளிவான விடை கிட்டவில்லை. வணிக மாணவரைப்பற்றிய பழி எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்குகிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

றெஸ்ற்றின் பழைய ஆறு கதைகளில் ஒன்று இதற்கு விலக்காகும். வெப்ஸ்ரர் என்பவன் வாகனம் திருத்தும் நிலையம் ஒன்றை நடத்துபவன். அவனுக்குத் திறமையான திருத்துநர் ஒருவர் தேவை. கிடைத்தவரோ சீனர். வெப்ஸ்ரருக்குத் தனிப்பட்ட முறையில் வெறுப்பேதும் இல்லை. வாடிக்கையாளர் சிலர் விலகிப்போவர் என அஞ்சுகிறான். ஆகவே, வேலைக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று எனப் பொய்கூறி அவரை அனுப்பிவிடுகிறான். இக்கதையில் வணிகன் சுவராக நிற்கவில்லை. அவன் கணக்குப் பார்க்கிறான், வெட்கப்படுகிறான், பொய் சொல்கிறான். அறுவருள் இவன் ஒருவனே வணிக மாணவனுக்கு நேரே எழுதப்பட்டவன் எனலாம். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இக்கதை விடுபட்டுப்போயிற்று. பழைய கதைகள் காலங்கடந்தவை என்பது அதற்குரிய நியாயமாயிருக்கலாம். ஆனால் மூவினத்தார் கலந்துவாழும் திருகோணமலையில் நின்று பார்ப்போர்க்கு இக்கதை காலங்கடந்ததாகத் தோன்றாது. இதற்கு மீண்டும் வருவோம்.

விற்பவனை நோக்கி வினாவெழுப்பிய ஆய்வு ஒன்று வேறொரு துறையிலிருந்து வந்தது. கானமன், நெச், தேலர் ஆகிய மூவர் 1986இல் வெளியிட்ட அவ்வாய்வில், ரொறன்ரோ, வன்கூவர் நகரவாசிகளிடம் தொலைபேசி மூலம் பல வினாக்கள் கேட்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வருமாறு: இரும்புக்கடை ஒன்று பனியள்ளும் மண்வெட்டியை 15 டொலருக்கு விற்று வந்தது; பெரும்பனி பெய்த மறுநாட் காலையில் விலையை 20 டொலராக உயர்த்தியது; இது முறையா? கேட்கப்பட்டோரில் 82 வீதத்தினர் முறையன்று என்றனர். பின்னர் இதே வினா சிக்காகோப் பல்கலைக்கழக வணிக முதுமாணி மாணவரிடம் கேட்கப்பட்டபோது 76 வீதத்தினர் அது ஏற்புடையதே என விடையிறுத்தனர். கோல்பேர்க் தம் கதைகளைத் தொடங்கிய அதே பல்கலைக்கழகம் என்பது ஒரு சுவையான தற்செயல்.

இவ்விரு வீதங்களுக்குமிடையிலுள்ள பள்ளத்தைக் கண்டதும், “பாருங்கள், வணிகக் கல்வி மாணவரின் நெஞ்சை இறுக்கிவிடுகிறது” எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் அம்மாணவரின் விடைக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. விலை பழைய அளவில் நின்றால், முதலில் வந்தவன் நான்கு மண்வெட்டிகளை அள்ளிச் செல்வான்; பின்னால் வரும் முதியவளுக்கு ஒன்றும் எஞ்சாது. விலை ஏறினால் ஒவ்வொருவனும் தேவைக்கு மேல் வாங்கான். வேறிடத்திலிருந்தும் மண்வெட்டிகள் வந்துசேரும். இது சுயநலத்தின் குரலன்று. பொதுநலத்தைப் பற்றிய ஒரு கணிப்பே. அதன் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. கூடிய விலை கொடுப்பவனே கூடிய தேவையுள்ளவன் என அது சொல்லாமலே கொள்கிறது. கையிற் காசில்லாதவனின் தேவையை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. ரொறன்ரோ வாசிகள் இக்குறையை உணர்ந்தனர். ஆயினும் பின்னால் வரும் முதியவளை அவர்கள் எண்ணிப் பார்த்தனரா என்பது ஐயமே.

பனியையும் மண்வெட்டியையும் நம் கடற்கரைக்குக் கொண்டுவருவோம்.

உப்புவெளி திருகோணமலை நகரின் வடபுறத்தே நிலாவெளி வீதியில் அமைந்தது. ஒருபுறம் உல்லாசப்பயண விடுதிகள், மறுபுறம் மீன்பிடி வள்ளங்கள், வீதியோரத்தே இரண்டாம் உலகப்போரில் மடிந்தோரின் கல்லறைத்தோட்டம் என ஒன்றோடொன்று பொருந்தாத பலவற்றை ஒரே மணலில் வைத்திருக்கும் ஊர். கடலுக்குச் செல்லும் சிறுபடகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் இயங்குவன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இங்குள்ளோர் புள்ளிவிபரமாக அறியவில்லை. வெறும் பீப்பாயாகவே அறிந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாகவும், உணவுப்பொருட் பணவீக்கம் 94.9 வீதமாகவும் உயர்ந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு நள்ளிரவில், மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் அரச விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இந்நள்ளிரவைக் கொண்டு ஓர் அறச்சிக்கல் அமைத்தால் என்ன என்று தோன்றிற்று. இங்கு வணிகம் பயிலும் மாணவர் நால்வரோடு கடற்கரையில் அமர்ந்திருந்த ஒரு மாலையில் அதனை அவர்கள்முன் வைத்தேன். ஆய்வு எனக் கூறத்தக்கதன்று அது. ஓர் உரையாடல் மட்டுமே. கதை வருமாறு: ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் 87 ரூபா விலையில் வாங்கிய 200 லீற்றர் மண்ணெண்ணெய் இருக்கிறது. விடிந்ததும் விலை 340 ரூபா. அந்த விலைக்கு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. காலையில் கடை வாசலில் மீனவர் வந்து நிற்கின்றனர். அவர் என்ன விலை கூறவேண்டும்?

முதலில் விடையளித்தவன் கணக்கியலிற் கெட்டிக்காரன். “சேர், பழைய விலைக்கு வித்தா அடுத்த பரலை எதால வாங்கிறது?” என்றான். அவன் மணலில் விரலால் எழுதிக்காட்டிய கணக்கு இது. சில்லறை இலாபத்தை விட்டுவிட்டால், பழைய விலைக்கு விற்றுக் கிடைப்பது 17,400 ரூபா. புதிய விலையில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 51 லீற்றர். இவ்வாரம் நல்லவராயிருக்கும் கடைக்காரர் அடுத்த வாரம் காற்பங்குக் கடைக்காரர். அவரை நம்பிய மீனவர்க்கும் அடுத்த வாரம் காற்பங்கு எண்ணெயே. புதிய விலைக்கு விற்றால் 68,000 ரூபா கிடைக்கும். மீண்டும் ஒரு முழுப் பீப்பாய் வாங்கலாம். எனவே ஏட்டிலே 50,600 ரூபா இலாபமெனத் தோன்றுவது உண்மையில் இலாபமன்று; இருந்ததை இருந்தபடி காத்தல். வாங்கிய கிரயம், மீள வாங்குங் கிரயம் என்னும் வேறுபாடு கணக்கியல் மாணவர் முதலாண்டிலேயே கற்பது. அதற்குள் ஓர் அறக்கேள்வி உறங்கிக்கிடக்கிறது என்பதை நானும் அன்றுதான் உணர்ந்தேன். ரொறன்ரோ வாசிகள் 82 வீதத்தினரும் இக்கணக்கைக் கண்டிருந்தாற் சற்றுத் தயங்கியிருப்பர்.

அடுத்துப் பேசியவள் கடைக்காரர் வீட்டுப் பெண். அவள் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்பவர் யாரென முதலிற் கேட்கவேண்டும் என்றாள். கடன்கொப்பியிற் பெயருள்ளவர், பன்னிரண்டு ஆண்டுகளாக வேறு கடைக்குப் போகாதவர், பிடிபாடு நல்ல நாளிலே கடனைத் தானாகவே தீர்த்தவர். இவர்கட்கு ஒரே இரவில் நான்கு மடங்கு விலை கூறுதல் எவ்வாறு? பாதியைப் பழைய விலைக்கும் பாதியைப் புதிய விலைக்கும் கொடுக்கலாம். மீதியைக் கொப்பியில் எழுதலாம். அவளுடைய விடையிற் சட்டமும் இல்லை, தத்துவமும் இல்லை, முகங்களே உள்ளன. கோல்பேர்க்கின் ஏணியில் இது மூன்றாம் படி. றெஸ்ற்றின் கணிப்பில் இதற்குப் புள்ளியே இல்லை.

இவ்விடத்திலேயே ஏணியைப்பற்றிய பழைய விவாதங்கள் நமக்கு உதவுகின்றன. சிறுவரை மட்டும் கேட்டு அமைத்த ஏணியிற் பெண்களின் அறக்குரல் தாழ்ந்ததாகவே கேட்கும் என 1982இல் கரோல் கிலிகன் வாதிட்டார். 27 நாடுகளில் நிகழ்ந்த 45 ஆய்வுகளை 1985இல் மீளாய்வு செய்த ஜோன் ஸ்னேரி, கூட்டுவாழ்வின் விழுமியங்களை இக்கணிப்புமுறை சரிவர இனங்காணத் தவறுகிறது என்று கண்டார். இவ்விரு கண்டனங்களும் அப்பெண்ணின் விடைக்கு உரிய இடத்தை மீட்டுத்தருகின்றன. கடன்கொப்பி வெறும் உறவுப்பாசத்தின் ஏடன்று. பிடிபாடு இல்லாத மாதங்களில் ஓர் ஊரைத் தாங்கும் காப்புறுதி அது. அதற்கு வட்டியில்லை, நாணயமே பிணை. நாணயம் என்ற ஒரே சொல்லாற் காசையும் நேர்மையையும் நாம் குறிப்பது தற்செயலன்று என எண்ண இடமுண்டு. கடைக்காரர் பழைய வாடிக்கையாளனுக்குச் சலுகை கொடுக்கும்போது, இருபக்கமும் நீண்டகாலமாகக் காத்துவந்த ஒப்பந்தமொன்றையே நிறைவேற்றுகிறார். அதனை ‘நல்ல பிள்ளை’ எனப் பெயரெடுக்கும் ஆசையென வகுத்தல் குருட்டுத்தனமாகும்.

நம்மவருட் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவர். மேனாட்டார் நம்மைத் தவறாக அளந்தனர்; நமது உறவறம் அவர்களது தத்துவத்திலும் உயர்ந்தது; கட்டுரை முற்றிற்று. கீழைத்தேயப் பெருமை பேசும் எழுத்துக்களுக்கு நம்மிடையே பஞ்சமேயில்லை. ஆனால் உப்புவெளிக் கடற்கரை நம்மை அவ்வளவு எளிதில் விடுவதாயில்லை.

ஆகஸ்ட் மாதம் கிழக்குக் கடலின் மீன்பிடிக் காலம். தென்மேற் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய பகுதிகளிலிருந்து மீனவர் இக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். அவருட் பெரும்பாலார் சிங்களம் பேசுவோர். உள்ளூர் மீனவர்க்கும் அவர்க்குமிடையே தொழிற்பூசல்கள் உண்டு. போர்க்காலத்துக் கசப்புக்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவரது படகுகளும் மண்ணெண்ணெயிலேயே ஓடுவன. ஆகவே கதையிற் சிறிய மாற்றமொன்று செய்தேன். வாசலில் நிற்போருள் வாடிக்காரர் ஒருவரும் இருக்கிறார். கடன்கொப்பியில் அவர் பெயர் இல்லை. என்ன விலை?

நால்வரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் ஒருவன், அவருக்கு 340 ரூபா, நம்மவர்க்குப் பாதிவிலை என்றான். மற்றொருவன், இருப்பு முடிந்துவிட்டதெனக் கூறினாற் போதும் என்றான். கூறிய உடனேயே தலையைக் குனிந்துகொண்டான். வெப்ஸ்ரர் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு நம் மணலில் வந்து அமர்ந்துவிட்டான். அதே பொய், அதே காரணம், பிறர் என்ன சொல்வர் என்ற அதே அச்சம். இம்மாணவனும் அவனைப்போலவே வெறுப்பில்லாதவன்.

முகங்களைக் கொண்டு சிந்திக்கும் அறத்தின் வலிமையும் வரம்பும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பது இதனாற் புலப்படுகிறது. அறிந்த முகத்துக்கு அது மிகுந்த நுட்பத்தோடு நீதி வழங்கும். அறியாத முகம் எதிர்ப்படுமிடத்து அதற்குச் சொல் எழுவதில்லை. ஏணியின் மேற்படிகளைக் கோல்பேர்க் அமைத்தமைக்கு இதுவே தக்க நியாயம். ஒவ்வொருவர் இருக்கையிலும் மாறிமாறி அமர்ந்து பார்த்து, எவ்விருக்கையிலிருந்து நோக்கினும் ஏற்கத்தக்க முடிவையே கொள்ளவேண்டும் என அவர் கூறினார். கிலிகனையும் ஸ்னேரியையும் துணைக்கொண்டு மூன்றாம் படியை மீட்டெடுக்கும் நாம், வாடிக்காரரின் இருக்கையை யாருக்குக் கொடுத்துவிட்டோம் என்ற வினாவுக்கும் விடையளித்தாதல் வேண்டும். 1983இலும் பின்னரும் இந்நகரில் யாருடைய கடைகள் யாரால் எரிக்கப்பட்டன என்பதை நினைவில் வைத்திருப்போர்க்கு இவ்வினா ஏட்டுச்சுரைக்காயன்று.

இவ்விடத்தில் திருக்குறளை நினைவுகூர்தல் பொருத்தமாகும்; பெருமை பேசுதற்கன்று, ஒரு நுட்பத்தைக் காட்டுதற்கே. நடுவுநிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரம் நீதி வழங்குவோர்க்கும் சான்றோர்க்கும் உரியதெனவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. பகைவன், அயலான், நண்பன் என்னும் மூவகையாரிடத்தும் ஒப்ப நிற்றலே நடுவுநிலைமை எனப் பரிமேலழகர் அதிகாரத் தொடக்கத்தில் விளக்குகிறார். அயலானை அவர் நொதுமல் என்பர். பகையும் இல்லை, நட்பும் இல்லை, தெரியாதவன், அவ்வளவே. இவ்வதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் கொண்டுவந்து நிறுத்துவது நீதிபதியை அன்று, வணிகனை. பிறர்க்குரியதையும் தமக்குரியதுபோலக் கருதிச் செய்தலே வாணிகம் என்பது அக்குறளின் கருத்து. நொதுமலில் தொடங்கி வணிகனில் முடியும் இவ்வொழுங்கைத் தற்செயலெனத் தள்ளுவோரும் இருக்கலாம். எனக்கோ, அயலானை ஒவ்வொரு நாளும் நேரிற் காண்பவன் வணிகனே என்பதை அறிந்த ஒருவரின் அமைப்பாகவே அது தோன்றுகிறது. உறவினர் வீட்டுக்கு வருவர். அயலான் கடைக்கே வருவான். மேனாட்டுச் சோதனைக்காரர் சுவராக நிறுத்திய வணிகனை வள்ளுவர் சிந்திப்பவனாக நிறுத்தியுள்ளார்.

ஆயினும் அக்குறள் நமது பீப்பாய்க்கு விலை சொல்வதில்லை. வாங்குமிடத்து மிகுத்து வாங்காமை, கொடுக்குமிடத்துக் குறைத்துக் கொடாமை என உரைகாரர் கண்ட பொருள் அளவையையும் நிறையையும் பற்றியது. ஒரே இரவில் 87 என்பது 340 ஆகும் உலகை அவர்கள் எண்ணியிருத்தல் அரிது. பொதுவாக அரசே அச்சிக்கலைக் கடைக்காரர் தோளிலிருந்து இறக்கிவிட முயன்றிருக்கிறது. 1942இல் அரிசிக்குப் பங்கீடு வந்தபோது ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக்கடைகள் பெருகின. கூப்பன் புத்தகம் உள்ளவனுக்கு அளவு உறுதி, விலை உறுதி. 2021 ஆகஸ்ட் இறுதியிற் பதுக்கலுக்கெதிராக அவசரகால ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டன. 2022இற் பெற்றோலுக்கும் டீசலுக்கும் கைத்தொலைபேசியிற் காட்டும் குறியீட்டு அட்டை வந்தது. அதுவும் கூப்பனின் பேரப்பிள்ளையே. நொதுமலானுக்கும் நம்மவனுக்கும் அது ஒரே அளவைத் தந்தது. கூப்பனுக்கு முகந்தெரியாது என்பதே அதன் அறம். ஆனால் கூப்பன் எட்டாத பொருளும் காலமும் என்றும் உண்டு. அங்கெல்லாம் கடைக்காரர் தனித்தே நிற்கிறார். வணிகக் கல்வி அவரைத் தயார்செய்யவேண்டியது அந்த இடத்துக்கே.

எனவே நம் பல்கலைக்கழகங்களில் வணிக ஒழுக்கவியல் கற்பிப்போர், ஹைன்ஸின் கதையை மொழிபெயர்த்துக் கொடுத்துப் புள்ளியிடுவதை நிறுத்தி, விற்பவனின் பக்கத்திலிருந்து கதைகளை எழுதத் தொடங்குதல் நன்று. மருந்து வணிகனையே எடுத்துக்கொள்வோம். ஹைன்ஸ் பாதிப்பணத்தோடு வாசலில் நிற்கும்போது அவன் எதனை எண்ணுகிறான்? அடுத்த நோயாளியின் கணவன் காற்பங்கோடு வந்தால்? கண்டுபிடிக்கப் பட்ட கடனை எவ்வாறு தீர்ப்பது? மீதியைக் கொப்பியில் எழுதினால் என்ன? கடன்கொப்பியை அறிந்த நம் மாணவனுக்கு இக்கடைசி வினா உடனே தோன்றும். மேனாட்டுக் கதையிலே ஹைன்ஸ் அதனைக் கேட்கவே செய்கிறான். வணிகன் ஏன் மறுத்தான் என்பதற்கோ, தான் கண்டுபிடித்த மருந்தாற் பணம் ஈட்டப்போவதாக அவன் கூறும் ஒற்றை வரியே எழுதப்பட்டுள்ளது.

அம்மாலையில் மாணவரிடம் இதனையே கூறினேன். றெஸ்ற்றின் முறையைப் பின்பற்றி, வாடிக்காரர் வாசலில் நிற்கும் காலைக்கு, கடைக்காரர் மனத்தில் எழத்தக்க பன்னிரண்டு காரணக் கூற்றுக்களை எழுதும்படி கேட்டேன். இருட்டுமுன் ஒன்பது எழுதினர். மீளவாங்குங் கிரயம் முதலாவதாக வந்தது, அரச விலை இரண்டாவது, ஊர்வாய் மூன்றாவது. வாடிக்காரரின் படகு இன்று கடலுக்குப் போகாவிடின் அவர் ஊரில் யார் பட்டினி கிடப்பர் என்பது ஏழாவது. ஒன்பதாவதைக் கடைக்காரர் வீட்டுப் பெண் எழுதினாள்: கொப்பியிற் பெயரில்லாத ஒருவனுக்கு இன்றைக்குப் புதிய பக்கம் ஒன்று திறக்கலாமா? அதனை மூன்றாம் படியிற் சேர்ப்பதா, ஐந்தாம் படியிற் சேர்ப்பதா என்பதில் நால்வரும் உடன்படவில்லை. நானும் அதற்குப் புள்ளியிடவில்லை.